என் கையால் எழுதிய வயது

பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த முதல் மாதமே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. முப்பது வருஷம் துறைமுக ஆபீசில் கூலியாட்களின் பதிவேடு எழுதியவனுக்கு, காலை ஒன்பது மணிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அது யுத்தகாலம். பர்மா அரிசி வராமல் ஊரே தவித்தது. அறுபது தாண்டிய ஆதரவற்றவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து, மதியம் கஞ்சி ஊற்றினார்கள். தோணிகளில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பிள்ளை குட்டி இல்லை. இடுப்பு விட்டுப்போய் வேலையும் நின்றுவிட்டது. வயது போதாதென்று சீட்டு மறுத்துவிட்டார்களாம்.

"ஒரு வார்த்த வந்து சொல்லுங்க ரைட்டரய்யா. நீங்க சொன்னா கேப்பாவ."

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காதிய" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். மறுபடி ஒருவர் ரைட்டர் என்று கூப்பிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சீட்டு அதிகாரி வெளியூர்க்காரர். துறைமுகப் பதிவேட்டை விரித்துக் காட்டினார். வயது ஐம்பத்திரண்டு. எழுதியிருந்தவன் நான்.

வயசாளிகளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று, பதிவேடு புதுப்பிக்கும்போதெல்லாம் நானாகவே குறைத்து எழுதுவேன். அதைப் புண்ணியம் என்றே நம்பியிருந்தேன்.

"நிஜ வயது என்ன?" என்று அதிகாரி கிழவரைக் கேட்டார்.

"முத்துக்குளிப்புக்குக் கயிறு பிடிக்க விளாத்திகுளத்துல இருந்து வந்தேன். அன்னைக்கித்தான் மீச அரும்பிச்சு."

இந்தக் கரையில் எல்லோரும் வயதுக்கு வைக்கும் கணக்கு அதுதான்.

"எந்த முத்துக்குளிப்பு?"

கிழவர் யோசித்தார். "அடுத்தடுத்து ரெண்டு வருசம் நடந்துச்சு. அதுக்கப்புறமும் நடந்துச்சு…" பிறகு என்னைப் பார்த்தார். அதிகாரியும் என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் சர்க்கார் பதிவேட்டில் பொய் எழுதியவன் ஆவேன், பென்ஷனுக்கே வேட்டு வைத்துவிடுவார்கள். வாயை மூடினால் இவருக்குக் கஞ்சி இல்லை. என்ன நினைத்தேனோ, காகிதம் வாங்கினேன். 'தெரிந்தே குறைத்து எழுதினேன். இவர் வயது அறுபத்தாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறுபத்தாறு எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. பழக்கதோஷம், பேனா தானாக எழுதிவிட்டது.

அதிகாரி சீட்டைக் கொடுத்துவிட்டு, "இப்படி எத்தனை பேருக்கு எழுதினீர்?" என்றார். கிழவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஏழு பேர் என் வாசலில் நின்றார்கள். கூட்டிவந்தவர் அதே கிழவர்தான். ஒவ்வொருவருக்காகவும் அலைந்தேன், சண்டை போட்டேன், மனு எழுதினேன். வேலையில் இருந்தபோதுகூட அப்படி உழைத்ததில்லை. தர்மம் செய்கிறேனா, என் பழைய கோளாறைத்தான் துடைக்கிறேனா என்பது மட்டும் பிடிபடவேயில்லை.

ஒருநாள் எல்லோரும் போனபின் கிழவர் தயங்கி நின்றார்.

"ரைட்டரய்யா, கோவிச்சுக்கிடாதிய. சாகுததுக்கு முன்னால தெரிஞ்சுக்கிடணும்னு ஒரு ஆச. ரெண்டு தடவயும் நீங்கதான எழுதுனிய. எனக்கு நெசமா எத்தன வயசு?"

"தெரியாது அண்ணாச்சி" என்றேன். அவர் நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்து, இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.