பனிமலையிலிருந்து ஒரு மிஸ்டு கால்

போன சனிக்கிழமை காலை ஃப்ரீமான்ட் வீட்டு கராஜில் கையுறை தேடிக்கொண்டிருந்தேன். எனக்கில்லை, மகளுக்கு. கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். மறுநாள் தோழிகளோடு தாஹோ மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறாளாம். தோழிகள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர்கள் என்பதால் அவர்கள் அடிவாரத்தில் விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள், இவள் மட்டும் மேலே தனியாகப் போவாளாம்.  அதைத் தடுக்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றால், இல்லை. என் பழைய பனிச்சறுக்குச் சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தேன்.

பிரித்ததும் ஒரு வாசனை எழுந்து வந்தது. நனைந்து காய்ந்த கம்பளி, ரப்பர், பழைய சன்ஸ்கிரீன், இவற்றுக்கெல்லாம் அடியில் மிக மெல்லிசாகப் புளிசாதம். நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு ஜாக்கெட்டின் உள்பையில் குடியிருந்த பெருங்காயம் அவ்வளவு லேசில் காலி செய்துவிட்டுப் போகாது. கையை விட்டேன். ஒரு எவர்சில்வர் டப்பாவின் மூடி வந்தது, ஒரு பக்கம் வளைந்து. அதன் பின்னால் விசிட்டிங் கார்டு அளவில் பிளாஸ்டிக் ஒட்டிய ஓர் அட்டை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கல்யாணம் ஆனதுலேருந்து அந்த டப்பாவுக்கு மூடி தேடிட்டிருக்கேன். ஜாக்கெட்டுக்குள்ள வெச்சு என்ன பண்றீங்க?" என்றாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். அவளுக்கும் சொல்லாத கதை அது.

அப்போது சன்னிவேலில் இரண்டு பேர் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம், நானும் தங்கராசுவும். நான் விருதுநகர். வெயிலைத் தவிர வேறு பருவம் இருப்பதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவன். ராசு பொள்ளாச்சிக்காரன். ஆபீஸில் நான் நிரல் எழுதுகிறவன், அவன் அதைச் சோதித்து ஓட்டை கண்டுபிடிக்கிறவன். எங்கள் தொழிலில் இந்த இரண்டு ஜாதிக்கும் ஆகாது. ஆனால் வீட்டில் அவன் ரசம் வைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன், ஆகையால் சமாதானம் நிலவியது.

ஆபீஸில் எல்லோரையும் ஒருமுறை பனிமலைக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். எனக்குப் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ராசு ஒரு பனி உருண்டையைப் பிடித்து என் மேல் எறிந்துவிட்டு, ஃபிரீசருக்குள் போய் யாராவது விளையாடுவார்களா என்று கேட்டுக் காருக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டவன்தான், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகவே போக ஆரம்பித்தேன்.

தனியாகப் போகிறவனுக்கு அங்கே ஒரு தனி வரிசை உண்டு. கம்பியில் தொங்கி மேலே ஏறும், நாலு பேர் உட்காரும் லிஃப்ட் நாற்காலியில் மூன்று பேர் வந்தால், வாசலில் நிற்கிறவன் "சிங்கிள்!" என்று கத்துவான், நான் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வேன். ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம். முன்பின் தெரியாத ஒருவன் ஊரறிய அப்படிக் கத்தும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த நாற்காலி மேலே ஏற ஆரம்பித்துவிட்டால் போதும். மேகத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடும். மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. கால்கள் மட்டும் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம்கூடக் கலங்கித் தெரியும். எப்போதாவது ஒரு பைன் மரம் பனிச்சுமையோடு வந்து, நின்று பார்த்துவிட்டு, பின்னால் போகும். போவது நாமா மரமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த மிதப்பில் டப்பாவைத் திறந்து புளிசாதத்தை வாயில் போடுவேன். கடலைப்பருப்பு கல்லாக உறைந்திருக்கும். கடித்து ஒரு பல் ஆட்டம் கண்டது தனிக்கதை.

சறுக்குவதற்கென்று கயிறு கட்டிய எல்லைக்குள் பனிச்சரிவு வராது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரிதாகப் பனி கொட்டிய மறுநாள் விடிகாலையில் மலை மேல் தூரத்துத் தீபாவளி மாதிரி 'டொம், டொம்' என்று கேட்கும். மலையின் பாதுகாப்புக்கு இருக்கும் ரோந்துக்காரர்கள் வெடி வைத்து, சரியக்கூடிய பனியை ஆளில்லாத நேரத்திலேயே சரியவைத்துவிட்டு, பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் மலைக்குப் 'பெரும்பாலும்' என்ற சொல்லெல்லாம் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டதும், எங்கள் தொழில் புத்திப்படி ஒரு பட்டியல் தயார் செய்தேன். இறங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நாலு. புதிதாக எவ்வளவு பனி விழுந்திருக்கிறது? காற்று எந்தப் பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்து எந்தப் பக்கத்தில் கொட்டியிருக்கிறது? சரிவு எவ்வளவு செங்குத்து? காலடியில் விரிசலோ சத்தமோ உண்டா? அச்சடித்துப் பெருமையாக ராசுவிடம் நீட்டினேன்.

அவன் அதை ஆபீஸில் என் வேலையைப் பார்க்கிற அதே கண்ணால் பார்த்தான். பிறகு பச்சை மையில் அடியில் ஒரு வரி எழுதினான். "நீ வரலைன்னா யாருக்குத் தெரியும்?"

 அவனே வழியும் சொன்னான். மலையில் சிக்னல் பேச்சுக்குத் தாங்காது, ஆனால் ஒரு ரிங் போகும். கடைசியாக இறங்கியதும் ஒரு மிஸ்டு கால். அவன் எடுக்க மாட்டான். எடுக்காததுதான் அவன் பதில். நாலரை மணிக்குள் ரிங் வராவிட்டால் ரோந்துக்காரர்களைக் கூப்பிடுவான். அந்த நம்பரை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான், பால் வாங்க வேண்டும் என்ற சீட்டுக்குப் பக்கத்தில். அட்டைக்குப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

இரண்டு குளிர்காலம் அது பிசகவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. இரண்டு நாளாக விடாமல் கொட்டியிருந்தது. மேல் சரிவைக் காலையிலிருந்து மூடியே வைத்திருந்தார்கள். இரண்டரை மணி வாக்கில், திறக்கப் போகிறார்கள் என்று வரிசையில் பேச்சு வந்தது. என் போன் குளிரில் சாகக் கிடந்தது. இன்னும் ஒரே ஒரு இறக்கம், அதற்குள் போன் செத்துவிட்டால் ராசு பாவம் பயந்துவிடுவானே என்று, அவன் மேல் கரிசனமாக, லிஃப்டில் ஏறும் முன்பே ரிங் விட்டேன். நமக்கு இதெல்லாம் ஒரு பொய்யாகவே தோன்றாது இல்லையா? வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டே "வந்துட்டேன், தெருமுனையில இருக்கேன்" என்று சொல்கிற ஆட்கள்தானே நாம். ராசு எடுக்கவில்லை. போன் அணைந்தது.

மேலே மூடுபனி. கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வெண்மையான சரிவு, தொட்டில் துணி மாதிரி தொய்ந்து கிடந்தது. அட்டையை எடுக்கவில்லை. மனப்பாடம்தான். பனி ஏராளம். ராத்திரி முழுக்க மேற்குக் காற்று. நான் நின்றது கிழக்குச் சரிவு, அத்தனையும் அங்கேதான் கொட்டியிருக்கும். செங்குத்துதான். ஆனால் எனக்கு முன்னால் இரண்டு பேர் இறங்கிய தடம் இருந்தது. ரெண்டு பேர் போயிருக்காங்க, ஒண்ணும் ஆகலை, அப்புறம் என்ன என்று தோன்றியது. கூட்டம் போன வழி நல்ல வழி என்று பழகிய ரத்தம். ஐந்தாவது கேள்விக்கும் பதில் ரெடியாக இருந்தது. ரிங்தான் விட்டாயிற்றே.

மூன்று வளைவு வளைந்திருப்பேன். பாரமான ஒருவர் சோபாவில் உட்கார்ந்த மாதிரி அடியில் 'தும்' என்று ஒரு சத்தம். காலடியிலிருந்து ஒரு கோடு குறுக்கே ஓடியது. அந்தக் கோட்டை வேடிக்கை பார்த்தேன், சத்தியமாக. பிறகு மலையே பாயைச் சுருட்டுகிற மாதிரி என்னைச் சுருட்டியது.

நின்றபோது ஒரு மரத்தில் சாய்ந்து மார்பு வரை பனிக்குள் இருந்தேன். ஒரு கை வெளியே, ஒரு கை உள்ளே. ஈரச் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. பனி பூப்பூவாக இறங்கி என் கைமேல் உட்கார்ந்தது. வலியில்லை, பயமும் இல்லை, கொஞ்சம் தூக்கம்கூட வந்தது. யாரோ வீட்டில் யாரோ படுத்திருப்பது போல இருந்தது.

அப்போதுதான் ராசுவின் நினைவு வந்தது. நாலரை மணிக்கு அவன் தேட ஆரம்பிப்பான் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, மாட்டான் என்பது உறைத்தது. அவனைப் பொறுத்தவரை நான் இறங்கியாயிற்று. கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எனக்காகக் கவலைப்பட இருந்த ஒரே ஆளையும் நானே கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்திருக்கிறேன். தூக்கம் போய்விட்டது. பயம் அப்போதுதான் வந்தது. வாய்விட்டு அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெளியே இருந்த கைக்கு எட்டியது ஜாக்கெட்டின் உள்பை. அதில் டப்பா. அந்த மூடியால் தோண்டினேன். தோசை திருப்புகிற வேகத்தில் ஆரம்பித்து, கை மரத்துப்போன பிறகும் தோண்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு சறுக்குக் கட்டையைத் தொலைத்துவிட்டு, விழுந்து புரண்டு கீழே வந்தபோது லிஃப்டுகள் நின்றிருந்தன. கடைசியாக மலையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்த ரோந்துப் பையனிடம் இடத்தைச் சொன்னேன். அங்கே வேறு யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று தேட உடனே ஆள் அனுப்பினான். யாரும் இல்லை, நல்லவேளை. உன் கூட யார் என்று கேட்டான். தனி என்றேன். நீ வராவிட்டால் தேட யாராவது உண்டா என்று கேட்டான். கூசாமல், உண்டு என்றேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ராசு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். ரசம் வைத்திருந்தான். இவ்வளவு நேரம் தூங்கினாயா என்றேன்.

"ஞாயித்துக்கெழம உன்ற ரிங் வர்ற வரைக்கும் நான் படுக்கறதில்லடா. இன்னைக்கு நேரத்துலயே வந்துருச்சு. நல்லாத் தூங்கிட்டேன்" என்றான்.

மத்தியானத் தூக்கத்துக்காக உயிரை விடுகிறவன் அவன். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தே இருந்திருக்கிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரசத்தைக் குடித்தேன்.  நடந்ததைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் மலைக்குப் போனேன், ஆனால் பூட்ஸைக் கழற்றி, இரண்டு காலும் தார்ச்சாலையில் பட்ட பிறகே ரிங் விட்டேன். அவன் கல்யாணம் ஆகி டெக்சாஸ் போனான். நான் ஜாக்கெட்டை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மகளிடம் கையுறையோடு அட்டையையும் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. படித்துக் காட்டினேன். இறங்கியதும் ஒரே ஒரு ரிங் விடு, நான் எடுக்க மாட்டேன் என்றேன். எடுக்கப் போவதில்லை என்றால் எதற்குக் கூப்பிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் நியாயமாகக் கேட்டாள். போன் வரைபடத்தில் அவள் இருக்கிற இடம் எப்போதும் தெரியும்படி செய்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு மதியம் அந்த நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை மேல் ஓரிடத்தில் நின்றது. ஐந்து நிமிஷம், இருபது நிமிஷம். சாப்பிடுகிறாளா, சிரித்துக்கொண்டிருக்கிறாளா, அல்லது? நிற்கிறது என்று மட்டும்தான் புள்ளி சொல்லும். அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கை தானாக ராசுவின் நம்பரை அழுத்தியது. முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"என்னடா, யாருக்கு என்ன?" என்றான் பதறி.

எங்கள் வயதில் சொல்லாமல் வருகிற போன் என்றால் அப்படித்தான். ஒரு காலத்தில் என் நம்பர் அடித்தால் அவன் படுக்கப் போவான். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், மூடி உட்பட.  

"அது நடந்தப்ப மூணு மணி இருக்குமா?" என்றான்.

"இருக்கும்டா."

"நான் அப்பத் தூங்கிட்டிருந்தேன்டா." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "பாப்பா எறங்கிட்டாளா?" என்றான்.

"புள்ளி அங்கயே நிக்குது."

"புள்ளி கெடக்கட்டும். எறங்கினதும் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

இரண்டரை மணிக்கு மகளின் நம்பர் அடித்தது. எடுக்கவில்லை. அடிக்க அடிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன், கண்ணில் நீர் முட்ட. ஒரு ரிங்கோடு நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. முழுதாக அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது. எடுத்தால், ஏன் எடுக்கவில்லை, உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அவள் பயந்துபோய்க் கேட்கிறாள். கீழே வந்துவிட்டாளாம். மேலே ஏதோ ஒரு குடிலில் உட்கார்ந்து சூப் சாப்பிட்டாளாம்.

ஒரே ஒரு ரிங் அடித்து அடங்குவதும், அது அடங்கியதும் ஒரு வீட்டில் ஒருவன் நிம்மதியாகக் கண்ணை மூடுவதும் இப்போது யாரிடமும் இல்லை. இருந்தாலும் பழைய ஆசைக்கு ராசுவுக்கு ஒரு ரிங் விட்டு உடனே வைத்துவிடலாம் என்று அழுத்தினேன். வைக்க விடவில்லை. எடுத்துவிட்டான்.

"எறங்கிட்டாளா?"

"எறங்கிட்டா."

"நெசமா?"

"நெசமாடா."

"சரி, நான் போய்ப் படுக்கறேன்" என்றான்.