கை நனைக்காம வரச் சொன்னாக

தனுஷ்கோடிய கடல் தூக்கிட்டுப் போச்சுல்ல தம்பி, அதுக்கு அடுத்து வந்த மாசி மாசம் அது. தேதியெல்லாம் கேக்காதீக, நான் பள்ளிக்கூடத்து வாசல மிதிக்காதவன். அந்தப் புயலுக்கு எங்க நேமத்தான்பட்டிப் பக்கங்கூட காத்து போட்டு ஆட்டிருச்சு. தொழுவத்து ஓரம் நின்ன புளியமரம் சாஞ்சு விழுந்து, எங்க செவலைக் காளைக்கு ஒரு கொம்பு ஒடிஞ்சுபோச்சு. அப்புறம் ஒத்தக் கொம்போடதான் வண்டி இழுத்துச்சு. காரைக்குடி மண்டிக்கு நெல்லு ஏத்திட்டுப் போனா பாக்குறவுகளெல்லாம் சிரிப்பாக. நல்ல காளை அது. சரி, அத விடுங்க.

அந்தச் சமயத்துலதான் பர்மாவுலருந்து சனம் கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு. தாத்தா காலத்துல பொழைக்கப் போன நம்ம சனந்தான். அங்கன கவர்மெண்டு மாறி, இருந்ததெல்லாம் புடுங்கிக்கிட்டு அனுப்பிட்டாக. காரைக்குடிக்கு வெளிய கொட்டகை போட்டுக் குடியிருந்தாக. அதுல ஒரு வீட்லருந்து என் தங்கச்சியப் பொண்ணு கேட்டு விட்டாக. ஒரு ஆத்தாளும் மகனும்தான். மகன் பகல்ல மண்டியில மூட்டை தைக்கிறது, சாயங்காலம் ஆத்தா போட்டிருந்த சாப்பாட்டுக் கடையில கூட நிக்கிறது.

எங்கப்பா எனக்கு மீசை மொளைக்கும் முன்னயே போய்ச் சேந்துட்டாரு. வீட்டுல தாய்மாமன் வச்சதுதான் சட்டம். மாமா மனசுல வேற எடம் இருந்துச்சு. திருக்கோஷ்டியூர்ப் பக்கம், நெலம் உள்ள ஆளு, ரெண்டாந்தாரம். தங்கச்சி வயசுல அந்தாளுக்கு மகளே இருந்துச்சு. எங்காத்தா அழுது பாத்துச்சு. கடைசியில, சரி, பர்மாக்காரனையும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டும்னு மாமா என்னைய அனுப்புனாரு. ஆத்தா வாய அடைக்கத்தான்.

"டேய், யாருன்னு காட்டிக்காத. தண்ணிகூட வாங்கிக் குடிச்சிராத. கை நனைச்சுட்டு வந்து நின்னேன்னா அப்புறம் நான் வேணாம்னு சொல்ல முடியாது, பாத்துக்க."

ஒங்க காலத்துல இதெல்லாம் இருக்கோ என்னமோ. பேச்சு முடியிற வரைக்கும் அந்த வீட்டுச் சோத்துல கை வைக்கக் கூடாது. வச்சா சம்மதம்னு அர்த்தம். மாத்திப் பேசுனா சொந்தக்காரக மொகத்துல முழிக்க முடியாது.

கடைன்னா என்ன கடை. ரயில் டேசன் போற ரோட்டுல ஒரு மதிலை ஒட்டித் தகரத்தச் சாச்சிருந்தாக. மதிலுக்கும் பலகைக்கும் நடுவுல நீளமா ஒரு பெஞ்சு. அங்குட்டு மூலையில அடுப்பு, இங்குட்டு ஒரே வழி. நல்லாப் பாக்கணும்னு நான் அடுப்போரமாப் போயி உக்காந்தேன். உக்காந்த ஒடனே லாரி ஆளுக கூட்டமா வந்து பெஞ்சு பூரா நெரிச்சு உக்காந்துட்டானுக. முதுகுல மதிலு, மொகத்துல அண்டா ஆவி, பக்கத்துல லாரிக்காரன் தொடை. எந்திரிக்க எடமில்ல.

நான் எதுவும் கேக்கல. அந்தம்மா பாட்டுக்கு ஒரு பீங்கான் கிண்ணத்தக் கரண்டியோட என் முன்னால வச்சுட்டுப் போயிருச்சு. உக்காந்தவுகளுக்கெல்லாம் ஒரே சாப்பாடுதான் அங்க. மொய்ங்கான்னு சொன்னாக. மீனக் கரைய வேகவச்சு, வாழத்தண்டு அரிஞ்சு போட்ட சாறு. அதுக்குள்ள இடியாப்பத்தப் பிரிச்சு விட்டாப்ல நீள நீளமா. மேல பொரிச்ச பூண்டு, நொறுக்கிப் போட்ட பருப்பு வடை. மீனு வாசம் கெட்ட வாசமா இல்ல தம்பி, ஆளை இழுத்துச்சு. காலையில குடிச்ச கேப்பக்கூழோட வந்தவன் நான். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டேன்.

லாரி கிளீனர் பய ஒருத்தன் பாத்துட்டான். "என்ன மாமா, புழுவ எண்ணிக்கிட்டிருக்கீகளா?"

பெஞ்சே சிரிச்சுச்சு. ஊருக்குள்ள அத புழுக்கஞ்சின்னுதான் சொல்வாக. சொல்லிக்கிட்டேதான் வந்து தின்னுட்டும் போவாக. அந்தம்மா காதுல விழுந்துருச்சு. அகப்பையோட நின்னு என்னையப் பாத்துச்சு.

"ஏன்யா சாப்பிடல? அரிசிதான்யா. நம்ம அரிசிய ஊறப்போட்டு ஆட்டிப் புழியிறேன். கையெல்லாம் சுத்தமாக் கழுவித்தான்யா செய்யிறேன்."

உள்ளூர்ச் சோத்துக் கடைக்காரம்மா அப்பிடிச் சொல்ல வேண்டியதில்ல. கப்பல்ல வந்துட்டாக, அதான் சொல்ல வேண்டியிருக்கு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. தின்னா தங்கச்சியக் குடுத்தாச்சு. திங்காட்டி, அந்தம்மா செஞ்சத அத்தனை பேருக்கு முன்னால துப்புன மாதிரி. நான் யாருன்னு சொல்லவும் முடியாது. மாப்பிள்ளைய இன்னும் ஒழுங்காப் பாக்கக்கூட இல்ல, குனிஞ்சு பாத்திரம் கழுவுற முதுகுதான் தெரிஞ்சுச்சு. கிண்ணத்துல ஆவி அடங்கிப்போச்சு. உள்ள கெடந்ததெல்லாம் ஊறிப் பெருத்து மேல வருது. அந்தம்மா அங்குட்டு நகர மாட்டேங்குது.

அப்பத்தான் மகன் ஈரக் கையோட வந்தாரு.

"விடும்மா. அவுகளுக்கு வயித்துப்போக்கு. கொஞ்சம் எளப்பாறிட்டுப் போங்கன்னு நான்தான் உக்கார வச்சேன். நீ பாட்டுக்குக் கிண்ணத்த வச்சுட்ட."

அந்தம்மா மொகம் தெளிஞ்சுருச்சு. "அட, சொல்ல வேணாமாய்யா, மோரு தரவா?"ன்னுச்சு. லாரிக்காரனுக பாதிப் பேரு கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு வெளிய போயி நின்னுக்கிட்டானுக, வயித்துப்போக்குன்னா பின்ன! அவரு பலகையத் தொடைக்கிற மாதிரி என் பக்கம் குனிஞ்சு மெதுவா சொன்னாரு.

"ஒத்தக் கொம்புக் காளைய வாசல்ல கட்டிட்டு வந்து உக்காந்திருக்கீக. மண்டியில பாத்திருக்கேன், பொண்ணு வீட்டு வண்டின்னு தெரியும். கை நனைக்காம வரச் சொல்லியிருப்பாக. எங்க வீட்லயும் அதான் வழக்கம். வழி இருக்கு, கெளம்புங்க."

வழி இருந்துச்சு தம்பி. பெஞ்சு பாதி காலி. ரோடு தெரியுது. எந்திரிச்சா நேரா வீடு. ஆனா யோசனை ஓடுச்சு. நான் வேணாம்னு சொல்ல வந்திருக்கேன்னு இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆத்தா மனசும் நோகாம, நானும் மாட்டாம, வழி பண்ணி விடுறாரு. திருக்கோஷ்டியூர் ஆளுகிட்ட என் தங்கச்சி இப்பிடி முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அவன் வழி விடுவானா?

நான் கரண்டிய எடுத்தேன். ஆறிப்போயிருந்துச்சு, தின்னேன். அவரு அண்டாவுலருந்து சூடாச் சாறு மோந்து கிண்ணத்துல ஊத்திட்டு அங்குட்டுப் போயிட்டாரு. அந்தம்மா மட்டும், "ஏன்யா, வயித்துப்போக்குக்கு இது ஆகாதேய்யா"ன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தா மாமா வாசல்லயே நிக்கிறாரு. "என்னடா?"

"சாப்பிட்டுட்டேன் மாமா."

துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு கத்துனாரு பாருங்க, தெருவே கூடிருச்சு. அத்தைதான் மாமாவுக்கு ஏத்துக்கிட்டு வந்துச்சு. "கரண்டியிலதானே தின்னான், கை நனையலையே?"

"வாய் நனைஞ்சிருச்சுல்லடி!"ன்னாரு மாமா. அதோட அவரும் மாட்டிக்கிட்டாரு. அவரு சொன்ன சட்டத்த அவரே மீற முடியல. வைகாசியில கல்யாணம்.

தங்கச்சிய யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுச்சு. மறுநா விடிஞ்சு எனக்குக் கூழு ஊத்தையில மட்டும் கேட்டுச்சு, "அம்புட்டுப் பசியாண்ணே?"

அன்னைக்குப் பிடிச்சது. பிள்ளை பெத்து, பேரன் எடுத்து, இன்னமும் அதையேதான் சொல்லுது. எங்கண்ணன் ஒரு கிண்ணத்துக்கு என்னைய வித்துட்டு வந்தாகன்னு விசேச வீடு பூரா சொல்லிச் சிரிக்கும். சிரிப்புதான், ஆனா அது நெசமாவே அப்பிடித்தான் நெனைச்சுக்கிட்டிருக்கு. மச்சான்தான் சொல்ல விடல. "பொய் சொல்லித்தான் பொண்ணு கட்டுனியான்னு உசிர எடுப்பா, விடுங்க மச்சான்"னுட்டாரு. இப்ப அவரும் இல்ல. நான் சொன்னா, "சும்மா இருண்ணே, பசியில தின்னுட்டு"ன்னு கைய ஆட்டிட்டுப் போயிரும்.

நீங்க எழுதுறீகள்ல. கோட்டையூர்ல டவுன் பஸ் நிக்கிற எடத்துல பர்மாக்காரம்மா வீடுன்னு கேளுங்க, காட்டுவாக. கப்பலையே பாக்காத பொண்ணு, அதுக்கு அந்தப் பேரு. அதுகிட்ட இத வாசிச்சுக் காட்டிருங்க தம்பி. பசி இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா ஒங்கண்ணன் பசியில திங்கலைன்னு சொல்லிருங்க. எந்திரிச்சுப் போகச் சொல்லி ஒம் புருசன் வழி விட்டாரு, அதுக்கப்புறந்தான் தின்னாகன்னு சொல்லிருங்க.