கிணற்றுக்குள் டீச்சர் வைத்த பெட்டி

கறுப்புத் துணி சுற்றிய பெட்டி அது. 2009இல் கடலூர் செம்மண் மேட்டில் என் வீட்டில் குடியிருந்த டீச்சர், அதைக் கயிறு கட்டி வறண்ட கிணற்றுக்குள் இறக்கினாள். சிதம்பரம் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டே பூமியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். மேட்டின் வயிற்றில் கல் எங்கே, பொந்து எங்கே என்று தோண்டாமலே பார்க்க வேண்டுமாம்.

“வானத்துலருந்து மியூவான்னு ஒரு பொடி உழுந்துக்கிட்டே இருக்கு ஆயா. மண்ணுக்குள்ள பூந்து வரும். கல்லு இருக்கிற பக்கம் கம்மியா வரும், பொந்து பக்கம் ஜாஸ்தியா வரும். பொட்டி அத எண்ணும்.”

“எங்கூட்டு ஓட்டுல ஒழுவாம வருதே, கெட்டிக்காரப் பொடிதான்” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்காரர் போய், மகளும் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. மீனில் முள் எடுக்கத் தெரியாதவள். எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேலி செய்வேன்.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் புறப்பட்டவள், “வந்ததும் பொட்டியத் தூக்கிக்கிட்டு மொத்தமா கெளம்பிடுவேன். அதுவரைக்கும் அது அசையக் கூடாது” என்றாள். அசையக் கூடாது என்றதை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். பூஜையன்று அம்மி, அரிவாள்மனை, முறம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் பெட்டியை மேலே இழுத்தேன். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கொஞ்சம் திருப்பியே இறக்கினேன்.

திரும்பி வந்தவள் எட்டிப் பார்த்தாள். “இதுக்குமா பொட்டு?”

“ஒழைக்கிற சாமானாச்சே. உட்டா சாமி கோச்சுக்காதா?”

“மொதல்லருந்து எண்ணணும்” என்று பையை மறுபடி ஆணியில் மாட்டினாள். எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லாத சந்தோஷம். ஐப்பசி மழையில் கிணற்றுக்குத் தார்ப்பாய் கட்டி இருவருமே நனைந்தோம். இரண்டு மாதம் ஓடியது.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும்போது மனசு கேட்கவில்லை. “பூஜையெல்லாம் சாக்குடி. நீ போவக் கூடாதுன்னுதான் தூக்கினேன்.”

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சிரித்தாள். “தெரியும் ஆயா. பொட்டி எண்ணுறத நாளு நேரத்தோடதான் எழுதி வெக்கும். பூஜைக்கு அப்புறம் எண்ணுனதத் தள்ளிட்டு, முன்னாடி எண்ணுனத வெச்சுக்கிட்டாலே போதும். மொதல்லருந்து எண்ணவே வேணாம்.”

வண்டி நகர்ந்துவிட்டது. பின்னே ஏன் இருந்தாய் என்று கேட்க அன்று இந்த வாய் வரவில்லை.

இப்போது மேட்டில் குழாய் வந்துவிட்டது, கிணற்றையும் மூடியாயிற்று. மீன் வாங்கும் நாளெல்லாம் ஒன்று உறுத்துகிறது. அவளை ஏய்க்க அத்தனை பாடுபட்டேனே, “இரு” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவே இல்லையே.