எத்திராஜ் கேட்ட ஐந்து ஆல்பங்கள்

எத்திராஜ் கறுப்புச் சட்டை தவிர வேறு போட மாட்டான். பெங்களூர் அல்சூரில் பாதிப் பேர் அவனை மாலை போட்டவன் என்று நினைத்து 'சாமி' என்றே கூப்பிட்டார்கள். அவன் கும்பிட்டதோ 'நெட்டில் சேப்பல்' என்ற இங்கிலாந்து ராக் குழுவை. கல்லறை, மழை, செத்துப்போன காதலி, இவற்றைத் தவிர வேறெதையும் அவர்கள் பாடியதில்லை.

எனக்கு அங்கே கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை. 1991இல் அவர்களுடைய முதல் ஆல்பத்தை அவனுக்குப் பதிந்து கொடுத்தது நான்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். அதற்குப் பின்னால் ட்ரம்ஸ்காரன் சிம்பல் தட்டை மெல்ல, ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பான், ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி. அந்தச் சத்தம்தான் எத்திராஜுக்கு உயிர். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் பிரஸ் மிஷினில் தகடு அடித்துவிட்டு வருபவனுக்கு வேறென்ன சுகம் என்பான்.

93இல் இரண்டாவது ஆல்பம். சிம்பல் குறைந்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டான். என் பதிவையா குறை சொல்கிறான் என்று எனக்கு ரோஷம். ட்ரெபிள் குமிழைத் திருகி, கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி பதிந்து கொடுத்தேன், சந்தோஷமாகப் போனான். கீபோர்டை இழுத்து இழுத்து வாசித்த மூன்றாவது ஆல்பத்துக்கு இன்னும் ஏற்றினேன். 99இல் வந்த நான்காவதில் பாடகனே மாறியிருந்தான். எத்திராஜ் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஜெயா, சிம்பல் அடிக்கிறவன் செத்துட்டானா?" என்று மட்டும் கேட்டான்.

குமிழைக் கடைசி வரை திருகினேன். கடையில் நின்றவர்கள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேட்டதைச் செய்து கொடுத்தே பழகியவன், எதற்குக் கேட்கிறான் என்று யோசிக்கவில்லை. மடையன் நான்.

இரண்டு வருடம் கழித்து அவன் கம்பெனியில் காது பரிசோதனை நடந்தது. கூர்மையான சத்தமெல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டது, இனி திரும்பாது, இல்லாத இரைச்சல் வேறு கேட்க ஆரம்பிக்கும் என்றாராம் டாக்டர். காதடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். பிரஸ்ஸில் யாரும் போடுவதில்லை. மிஷினின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் கையை இழுப்பார்கள். காதை அடைத்தால் விரல் போகும். மனைவி சொர்ணம் வேலையை விடச் சொல்லி அழுதாள். வேறு வேலை யார் தருவார்கள்? மறுநாளும் கம்பெனி வண்டி ஏறினான்.

2003இல் ஐந்தாவது ஆல்பம் சிடியாக வந்தது. கடை மூலையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். நாலாவது பாட்டில் அவன் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்துப் பல வருடமாகியிருந்தது.

"கேக்குது ஜெயா. சிம்பல் நல்லா கேக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் சொன்னது பொய்யாகிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாடிக்கையாளர் ஒருவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் சிடி முடிந்து, பிளேயர் தானாக நின்றிருந்தது. எத்திராஜ் ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே என் கையை விலக்கினான்.

"இருடா, இன்னும் அடிக்கிறான்."