ஈறு வைத்த கண்ணாடி

சமையலறைத் தொட்டியில், பாத்திரம் துலக்கும் சோப்பில் ஒரு சொட்டை விரல்நுனியில் எடுத்து, கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் வட்டம் வட்டமாகப் பூசிக்கொண்டிருக்கிறார் அண்ணி. அலசுவதில்லை. நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து, பழைய பருத்திச் சட்டையிலிருந்து கிழித்த துண்டால் ஒற்றி எடுக்கிறார். தேய்த்தால் கீறல் விழும். அலசினால் பூச்சு போய்விடும். கண்ணுக்கே தெரியாத அந்தச் சோப்புப் படலம் இருந்தால்தான் தண்ணீர் துளித்துளியாக நின்று மறைக்காமல் வழிந்து ஓடும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும் அவருடைய கணவர் குரல் கொடுக்கிறார்: "என்ன, விருந்துக்குப் பாத்திரமா கழுவற? காத்து போயிடப் போகுது, கிளம்பு."

"காத்து எங்கயும் போகாது. கண்ணாடிதான் போகும்."

ஏரிக்கரைப் படகு மன்றத்தில் எல்லாருக்குமே அவர் அண்ணிதான். அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவர் ஒருவர்தான்: அதே பாய்மரப் படகில் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயின் கயிற்றைப் பிடிக்கும் நாத்தனார். ஆனால் தண்ணீரில் குரல் வெகுதூரம் போகும். "அண்ணி, திருப்புங்க!", "அண்ணி, தலை தலை!" என்று சனிக்கிழமைதோறும் ஏரி முழுக்கக் கேட்டுக் கேட்டு, இப்போது பேரன் எடுத்த பெரியவர்கள்கூடக் கூசாமல் அண்ணி என்கிறார்கள்.

அவருக்குத் தொழில், செயற்கைப் பல் செய்வது. நீளமான ஒரு மேசை, அதில் வரிசையாகச் சுண்ணத்தில் வார்த்த தாடைகள், சிறு சுடரில் உருகும் மெழுகின் வாடை. ஒவ்வொரு தாடையும் யாரோ ஒருவருடையது. அந்த யாரையும் அவர் பார்த்ததில்லை. காலையில் வந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். மூக்கு பல்லில் இடிக்கிற தூரத்தில் அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. "தூரத்துக்குத்தான் நான் குருடி. பக்கத்துல வந்தா எறும்புக்குப் பல் கட்டிவிடுவேன்" என்பார். ஊரில் பலர் வேலைக்குக் கண்ணாடி போட்டு, விளையாட்டுக்குக் கழற்றுகிறார்கள். இவர் அப்படியே தலைகீழ். கையை நீட்டிப் பிடித்தால் தன் விரல்களே பிசைந்த மாவாகத் தெரிகிற ஒருவர், கண்ணாடியில்லாமல் ஏரியில் இறங்குவதற்கு இல்லை. கண்ணுக்குள்ளே வைக்கிற வில்லையைக் கேட்டுப் பார்த்தார். அதோடு ஏரித்தண்ணீர் பட்டால் கண்ணில் கிருமி ஏறும் என்று கண் மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆகவே கண்ணாடிகள் போயின. காற்றில் போனது, கவிழ்ந்தபோது போனது, குனிந்து கயிறு எடுக்கும்போது சத்தமில்லாமல் நழுவிப் போனது. கண்ணாடிக்கடைக்காரர் அவரைக் கண்டாலே எழுந்து நின்று வரவேற்பார். "வாங்க, வாங்க. உங்க புண்ணியத்துல அந்த ஏரியில மீனெல்லாம் பேப்பர் படிக்குது." இதற்கு அண்ணி கண்டுபிடித்த மருந்து, தொழில் தந்தது. பல்செட்டுக்கு ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பசையைத் தன் மூக்கின் அளவுக்கே வார்த்து, கண்ணாடியின் மூக்குத் தாங்கியில் ஒட்டிவிட்டார். பின்னந்தலையில் ரப்பர் பட்டை. இப்போது கண்ணாடி அசையாது. அருகே வந்து பார்ப்பவர்கள் அந்த இளஞ்சிவப்பைக் கண்டு முகம் சுளித்தால், "கண்ணாடிக்கு ஈறு வெச்சிருக்கேன். பல்லு முளைச்சா சொல்றேன்" என்று அனுப்பிவிடுவார்.

நாத்தனார் வேறு வார்ப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, படகில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாக எதையோ அழுத்தும். அவர் பார்வையோ ஊர் அறிந்தது. "கண் டாக்டர் போர்டுல கடைசி வரி என்ன பெரிய வரி? அதுக்குக் கீழ அச்சடிச்சவன் பேரு வரைக்கும் படிப்பேன்."

போன ஆண்டுப் போட்டியை மன்றம் மறக்கவில்லை; மறப்பதற்கு யாருக்கும் மனமும் இல்லை. ஈறு வைப்பதற்கு முந்தைய காலம் அது. திருப்பும்போது தலைக்கு மேலே வீசிப் போகும் பாயின் அடிக்கட்டை உரசியதில், அப்போது கட்டியிருந்த கயிறு அறுந்து கண்ணாடி தண்ணீருக்குள் போய்விட்டது. தூரத்து மிதவையைச் சுற்றி வரவேண்டிய நேரம். மிதவை ஆரஞ்சு நிறம், உருண்டை. நடுவரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டவர், உருண்டையான மனிதர். மிதவைக்குப் பக்கத்திலேயே சிறு படகில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். எதையும் யாரிடமும் கேட்காத அண்ணி, நடுவரை மிக அழகாக, ஒரு கை தூரத்தில், சற்றும் பிசகாமல் சுற்றி வந்தார். "அம்மா, நான் மிதவை இல்லைம்மா!" என்று அவர் கத்தியது கரைவரைக்கும் கேட்டது. அன்று முதல் மன்றத்தில் நடுவருக்குப் பேர் மிதவையார்.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் நாத்தனார் பேச்சை எடுத்தார். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. சுக்கானை என்கிட்ட குடுத்துடுங்க. நீங்க முன்னால உக்காந்து கயிறு பிடிங்க. எனக்குக் கண்ணு இருக்கு."

"எனக்கும் ரெண்டு இருக்கு."

"உங்களுக்கு நாலு. அதுல ரெண்டு ஏரியில."

கணவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. "நாள் முழுக்க அடுத்தவங்க வாய் அளவுக்குத்தான் என் வேலை. நான் சொல்ற பக்கம் போறது அந்தப் படகு ஒண்ணுதான். அதையும் கேக்கற நீ."

நாத்தனார் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. அடுத்த போட்டியிலயும் நீங்களே பிடிங்க. ஆனா நடுவுல ஒரே ஒரு தடவை, 'மிதவை எங்க'ன்னு என்னைக் கேட்டீங்கன்னா, சுக்கான் அன்னையோட என் கைக்கு வந்துடும். திருப்பிக் கேக்கக் கூடாது."

"கேட்டாத்தானே."

"நான் வேணா மத்தியஸ்தம் பண்ணவா?" என்றார் கணவர். இருவரும் ஒரே குரலில் அவரைச் சாப்பிடச் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் கணவர் குளியலறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே முக்காலியில், முழு உடுப்போடு, விளிம்புத் தொப்பி வைத்து, கண்ணாடி அணிந்து, மேலிருந்து கொட்டும் தண்ணீருக்கு நேராக முகத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறார் மனைவி. எதிர்ச் சன்னல் விளிம்பில் ஓர் ஆரஞ்சுப் பழம்.

"என்னம்மா இது?"

"பாத்துப் பழகறேன்."

அவர் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தார். "உன் அண்ணி தோக்கற மாதிரி தெரியல. இப்பவே சமாதானமாப் போயிடு."

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் காற்றை யாரும் பார்த்ததில்லை. தண்ணீரை அது என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். கண் கொடுப்பது எப்போதும் பாதிதான், மீதியைப் பழக்கம் இட்டு நிரப்புகிறது. அந்த மீதிக்காகத்தான் அவர் குளியலறையில் நனைந்துகொண்டிருந்தார்.

இந்த ஆண்டுப் போட்டி நல்ல வெயிலில் தொடங்கியது. ஊதல் ஒலித்ததும் முன்னால் பாய்ந்தது இரட்டையர் என்று பேர் வாங்கிய அண்ணன் தம்பியின் படகு. பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி, ஒரே மாதிரிச் சட்டை. அண்ணி இரண்டாவது. இரண்டாம் சுற்றில் தூரத்து மிதவையை நோக்கிக் காற்றுக்கு எதிராக ஏறும்போது ஏரியின் அந்தப் பக்கம் கறுத்தது. யாரும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மழை வந்தது. மேலிருந்து விழவில்லை. எதிரிலிருந்து வந்தது.

கரை மறைந்தது. பின்னால் வந்த படகுகளில் ஒவ்வொன்றாகப் பாயை இறக்கத் தொடங்கினார்கள். இரட்டையர் கறுப்புக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் அதைக் கழற்றினார்கள். கழற்றியதும் கண்ணைத் திறக்க முடியாமல் கையால் முகத்தை மறைத்தார்கள். நாத்தனார் தலையைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டார். "ஊசி மாதிரி குத்துது அண்ணி! கண்ணே திறக்க முடியல!"

அண்ணியின் வில்லைகளிலும் தண்ணீர் கொட்டியது. உலகம் உருகி ஓடியது. கேட்கக் கூடாத அந்தக் கேள்வி தொண்டைவரை வந்து நின்றதை அவர் உணர்ந்தார். கேட்டிருந்தாலும் அன்று பதில் சொல்ல ஆள் இல்லை. ஆனால் சொல் சொல்தான். அவர் வாயை மூடிக்கொண்டார், கண்ணை மூடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்ணில் ஒரு துளியும் படவில்லை. சோப்புப் பூசிய வில்லையில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. வழிவதற்கு நடுவே, கண் சிமிட்டும் நேரத்துக்கு, உலகம் வந்து வந்து போயிற்று.

தெளிவாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு மங்கல் என்றால் இருட்டு. அண்ணிக்கு மங்கல் சொந்த வீடு. முன்னால் ஆரஞ்சாக ஒரு கறை தெரிந்தது. நல்லது. அதற்கு இடப்புறம் இன்னொரு ஆரஞ்சுக் கறை தெரிந்தது.

ஒன்று மிதவை. ஒன்று மிதவையார்.

இன்னொரு முறை அந்த மனிதரைச் சுற்றி வந்தால் ஊரைவிட்டே போகவேண்டியதுதான். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இடப்புறக் கறை சிறுத்துக் குவிந்திருந்தது. வலப்புறக் கறை அலையில் எழுந்து விழுந்தாலும் முன்போலவே முழு உருண்டையாக நின்றது. மழை அடித்தால் மனிதன் முதுகைத் திருப்பி ஒடுங்குவான். மிதவைக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

அப்போதுதான் முன்னாலிருந்து, வலது காலை முழு பலத்தோடு பலகையில் அழுத்திக்கொண்டு, நாத்தனார் கத்தினார்: "அண்ணி! மிதவை எங்க அண்ணி?"

அந்தக் கேள்வியை அண்ணி இன்னும் கொஞ்ச நேரம் காற்றில் இருக்கவிட்டார்.

"வலப்பக்கம். பக்கத்துலதான். திருப்பறேன், தலை!"

அடிக்கட்டை தலைக்கு மேலே சீறிக்கொண்டு போயிற்று. பாய் அந்தப் பக்கம் நிறைந்தது. மிதவையின் ஈர ரப்பர் நாத்தனாரின் முழங்கைக்கு எட்டுகிற தூரத்தில் கடந்தது. இரட்டையரின் படகு இன்னொரு கறையை நோக்கி உறுதியாகப் போய்க்கொண்டிருந்தது. மழைக்குள்ளிருந்து பழகிய குரல் ஒன்று எழுந்தது: "டேய், டேய், நான் மிதவை இல்லடா!"

திரும்பும் வழியில் மழை முதுகில் அடித்தது. முதுகில் அடிக்கும் மழை வெறும் மழைதான். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. எல்லையைத் தாண்டியபோது ஊதல் அவர்களுக்காக நீளமாக ஒலித்தது. கரையில், அதிர்ந்து பேசியே அறியாத கணவர், காற்று புரட்டிய குடையை உயர்த்திப் பிடித்து, மன்றத்தில் யாருக்கும் தெரியாத மனைவியின் சொந்தப் பேரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாத்தனார் சிவந்த கண்ணோடு திரும்பினார். "கேட்டது நான்தான்."

"ஆமா."

"வெளிய யாருக்கும் சொல்லாதீங்க அண்ணி."

"நான் எதுக்குச் சொல்லணும்? ஏரி முழுக்கக் கேட்டுது."

நாத்தனார் முதலில் முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் இருவரும் சிரித்த சிரிப்பில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

மழை விட்டு வெளுத்துவிட்டது. மற்ற படகுகள் பாயை இறக்கிக்கொண்டு கரையை நோக்கி ஊர்ந்தன. மன்றத்துப் படித்துறையில் கூட்டம் கையசைத்தது, யாரோ கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள். நாத்தனார் கயிற்றைத் தளர்த்தி, இறங்குவதற்குத் தயாரானார். படகு அசைந்த விதத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணி, கரை அந்தப் பக்கம்."

"தெரியுது" என்றார் அண்ணி. சொல்லிக்கொண்டே சுக்கானைத் தள்ளி, படகின் முகத்தை நடு ஏரிக்குத் திருப்பினார்.