ராஜாவின் தலையில் வைத்த விரல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வீடு கொட்டாஞ்சேனையில். வேலை ஒருகொடவத்தை கொள்கலன் யார்டில். அங்கே சாப்பாட்டு நேரத்தில் செஸ் விளையாடுவோம். காயைத் தொட்டுவிட்டு மனம் மாறினால் எங்களுக்குள் யாரும் கேட்பதில்லை. யோசிக்கும்போது என் விரல் ராஜாவின் தலையில்தான் இருக்கும். போட்டியிலோ தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும்.

கம்பனிகளுக்கிடையிலான போட்டி வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் அணியில் மற்ற மூவரும் முடித்துவிட்டார்கள். "நீங்கள் வெண்டால்தான் பைனல்," என்றார் சுப்பவைசர். "டிராகனை அவிழ்த்து விட்டுட்டீங்கள். இனி அது உங்களையே கடிக்காமப் பாருங்கோ."

நான் கறுப்புக் காய். போனில் பார்த்துப் பழகிய சிசிலியன் டிராகன் என்ற தொடக்க ஆட்டத்தை ஆடியிருந்தேன். அதில் இரண்டு பக்கமும் ராஜாவைத்தான் துரத்தும். ஒரு மூவ் பிந்தினால் ஆள் முடிந்தான். எதிரில் இருந்த வங்கி அதிகாரியின் ராணியும் கோட்டையும் என் ராஜாவின் வாசலுக்கு வந்துவிட்டன. அவர் மணிக்கூட்டை அழுத்திவிட்டுத் தேநீர் எடுக்க எழுந்து போனார்.

நான் யோசித்தேன். குனிந்து பார்த்தபோது என் விரல் ராஜாவின் தலையில் இருந்தது.

ராஜாவை நகர்த்தினால் இரண்டு மூவில் தோல்வி. நடுவர் அடுத்த மேசைப் பக்கம் திரும்பியிருந்தார். விரலை மெதுவாக எடுத்தேன். என் கோட்டை போனாலும் போகட்டும் என்று அதால் அதிகாரியின் குதிரையை வெட்டினேன்.

அவர் கோப்பையோடு வந்து பலகையைப் பார்த்தார்.

"கோட்டையைக் குடுத்திட்டீங்களோ அண்ணை?"

"ஓம்."

"வேற ஒண்டையும் தொடேல்லையே?" என்று சிரித்தார். "தேத்தண்ணிக்குப் போனா ராணியையே களவெடுக்கிற ஆக்கள் இருக்கினம்."

நானும் சிரித்தேன். அவர் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாரோ என்ற பயத்தில் அடுத்த மூவ்களை அவர் முகத்தைப் பார்க்காமலே ஆடினேன். கடைசியில் அவர்தான் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார்.

"நல்ல விளையாட்டு அண்ணை. கை என்ன ஐஸ் மாதிரிக் கிடக்கு?"

பைனலுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் விட்டேன். யார்டில் இன்றும் அந்த வெற்றியைக் கதைக்கிறார்கள். யாராவது அதை எடுத்தால் லொறி வந்துவிட்டது என்று எழுந்துவிடுவேன். அவர் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும்: ராஜாவைத் தொட்டேன்.

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.