உடைந்த முனை

ஜுராசிக் காலத்துக் கடல் நத்தையின் புதைபடிவம் ஒன்று என் ஆய்வுக்கு இரவலாக வந்திருந்தது. திருமுல்லைவாயில் வீட்டில் உட்கார்ந்து அதன் ஓட்டின் அமைப்பை வருணித்து எழுதிக்கொண்டிருந்தேன்: ஏழு சுருள்கள், குறுக்கே மெல்லிய வரிகள், நீள்வட்ட வாய். என்ன இனம் என்று உறுதிசெய்ய, மண் மூடியிருந்த உச்சியின் முதல் சுருளையும் பார்க்க வேண்டும். ஊசியால் சுரண்டினேன். அரிசியளவு முனை முறிந்து எங்கோ தெறித்தது.

அழுது, முகம் கழுவி வருவதற்குள் அம்மா அறையைப் பெருக்கிக் குப்பையை வண்டியில் போட்டுவிட்டார். செருப்பில்லாமல் ஓடி, தெருக்கோடியில் வண்டியை மறித்தேன்.

"இன்னாமா, இன்னா காணோம்?" என்றார் வண்டிக்கார அக்கா.

"சின்னக் கல்லுக்கா. அது இல்லன்னா என் படிப்பே போச்சு."

அவர் சாக்கை விரித்துக் குப்பையைக் கொட்டி, என்னோடு குந்தித் துழாவினார். ஒரு மணி நேரமாகியும் கிடைக்கவில்லை. புதைபடிவம் என்னிடம் வரும்போதே அதில் முனை இல்லை என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

"மன்னிச்சுக்கமா. நான்தான் மேலயே வேற குப்பைய கொட்டிட்டேன், எல்லாம் கலந்துபூச்சு" என்றார் அவர்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீடு திரும்பி, "சுத்தம் செய்தபோது முனையை நான் உடைத்துவிட்டேன்" என்று எழுதினேன். அது என்ன இனம் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியை நான் கூசாமல் படிக்கிறேன்.